பச்சைப் பொட்டு

திருவனந்தபுரம்
6 ஜூலை 2025

அக்காவுக்கு,

உன் பட்டறையில் புது லேத் வைத்த அன்று, தை மாதம், "இனிமே உன் குரலு எங்காதுல விழப்பிடாது" என்று சொன்னாய். ஆறு மாதமாக விழவில்லை. எழுத்து கண்ணில் படக்கூடாது என்று நீ சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் எழுதுகிறேன். உவைஸ் பாய் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் லாரி இங்கே சாலை மார்க்கெட்டில் காய்கறியை இறக்கிவிட்டு, காலியாக உன் கடையைத் தாண்டித்தானே திரும்புகிறது.

வள்ளித்தாய் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. ஆவணி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, ராயகிரிப் பக்கம் நம் சாஸ்தா கோயிலில். 'தாய்மாமன் சிவனணைந்தபெருமாள் மடியில்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். உறையின் மேல் விலாசம் உன் கையெழுத்து. உள்ளே உன் கையால் ஒரு வரி இல்லை. போகட்டும். தாய்மாமன் வருவான், மருமகளை மடியில் வைப்பான்.

ஆனால் பஸ்ஸில் வரமாட்டான். என் வண்டியில்தான் வருவேன். சிவப்பு, இரண்டே சீட்டு, ஜெர்மன்காரன் செய்தது. கொச்சியில் ஒரு டாக்டரிடம் வாங்கியது, பன்னிரண்டு வருடம் பழசு. ஆனாலும் நம் குடும்பத்தில் முதல் ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். லாரி டிரைவர் மகன் அதை ஓட்டி மலையிறங்கி வருவதை ஊர் பார்க்க வேண்டாமா?

ஒரே ஒரு தொந்தரவு. பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. முன்சக்கரத்தில் பிரேக் பிடிக்கிற தட்டு, ரோட்டர், இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மூன்று வகை கிடைக்கிறது: முழுக்கத் துளை போட்டது, மேலே கோடு வெட்டியது, ஒன்றும் இல்லாத வெறும் தட்டு. இப்போது வண்டியில் இருப்பது துளை போட்டது. மறுபடியும் அதையே போடுவதாகத்தான் இருக்கிறேன். குற்றாலச் சாரலில் தண்ணீர் அந்தத் துளை வழியாக ஓடிவிடும். வீல் இடுக்கில் பார்க்கவும் அம்சமாக இருக்கும். இதை உன்னிடம் யோசனை கேட்டு எழுதவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

சிவன்

*

இலத்தூர் விலக்கு
12 ஜூலை 2025

திரு. சிவனணைந்தபெருமாள் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் வந்தது. படித்தேன். தாங்கள் யோசனை கேட்கவில்லை என்பதும் தெரிந்தது. யோசனை கேட்காத ஒருவர் மூன்று வகையையும் எதற்கு விவரமாக எழுதுகிறார் என்பதுதான் தெரியவில்லை.

அது கிடக்கட்டும். தை மாதம் என் பட்டறை வாசலில் நாற்பது டிரைவர்மார் நின்றார்கள். கேரளாவுக்கு லோடு அடிக்கிற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தர், "தம்பி காருக்கும் இனிமே அக்காதானா?" என்று கேட்டார். தாங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "எங்கக்கா லாரி பிரேக் டிரம் கடையிறவ. அந்த வண்டியில வீலக் கழத்தக்கூட அவளுக்குத் தெரியாது." கையில் பன்னீர்ச் செம்போடு நான் அங்கேதான் நின்றேன். நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாங்கள் ஒருவர்தான் குனியவில்லை.

நான் டிரம் கடைகிறவள்தான். பதினோரு வருடமாகக் கடைகிறேன். நான் பார்த்து அனுப்பிய ஒரு வண்டிகூட அந்த மலையில் பிரேக் பிடிக்காமல் போனதாகப் பேச்சு வந்ததில்லை. தங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எழுதிக் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். பழசைப் பார்க்காமல் புதுசைச் சொல்வது என் பட்டறையில் வழக்கம் இல்லை. இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, இடது எது வலது எது என்று சாக்பீஸால் எழுதி, உவைஸ் பாயிடம் கொடுத்து அனுப்பவும். இங்கே அதற்கு டிஸ்க் என்றுதான் பெயர். ரோட்டர் என்றால் டீக்கடையில் ஹெலிகாப்டரா என்று கேட்பார்கள்.

இரண்டு சீட்டு வண்டி என்று எழுதியிருந்தீர்கள். தாய்மாமன் சீர்த் தட்டை எங்கே வைத்துக் கொண்டுவருவதாக உத்தேசம்? மடியிலா, பேனட் மேலா?

இப்படிக்கு,
மு. செண்பகவல்லி
செண்பகா பிரேக் ஒர்க்ஸ்

*

திருவனந்தபுரம்
17 ஜூலை 2025

அக்கா,

'தாங்கள்' என்று என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. என் மேனேஜர்கூட 'எடா' என்றுதான் கூப்பிடுகிறார். நல்ல மரியாதைதான். ஆனால் பெல்ட்டால் நாலு அடி அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சாக்கில் கட்டி இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். ஒன்று ஒன்பது கிலோ. வண்டி இப்போது வீட்டு வாசலில் நாலு ஸ்டாண்டு மேல் நிற்கிறது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து துக்கம் விசாரிக்காத குறை.

நான் சும்மா ஆசைக்குப் பேசுகிறேன் என்று நினைக்காதே. இந்த வண்டிக்காரர்கள் கூடுகிற இணையப் பக்கத்தில் இருநூறு பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். துளை போட்டால் சூடு சீக்கிரம் ஆறும். எடை குறையும். பந்தய வண்டியிலெல்லாம் அதுதான். வெறும் தட்டு என்பது ஆபீசர்மார் ஓட்டுகிற வண்டிக்கு.

எப்படி ஓட்டினேன் என்று கேட்பாய். ஊருக்குள்தான். ஆபீசுக்குப் போய்வர. கோவளத்துக்கு ஒரு தரம். அவ்வளவே. எனவே தேய்மானம் பெரிதாக இருக்காது. முன்பிருந்த டாக்டர் முரட்டுத்தனமாக ஓட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. எந்த டிஸ்க்கை நீ தேர்ந்தெடுத்தாலும் (தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை, ஒருவேளை தேர்ந்தெடுத்தால்) தயவுசெய்து உன் பச்சைப் பொட்டை அதில் வைத்துவிடாதே. லாரி டிரம்மில் அது இருக்கலாம், நீ பார்த்த வேலை என்று டிரைவருக்கு அடையாளம். இது வேறு வண்டி. வீல் வழியாக எல்லாம் வெளியே தெரியும்.

வள்ளித்தாய் இப்போது 'மாமா' என்று சொல்கிறாளா?

சிவன்

*

இலத்தூர் விலக்கு
20 ஜூலை 2025

ஏலே சிவனு,

மரியாதை எல்லாம் முடிந்தது. இனி 'தாங்கள்' கிடையாது.

உன் டிஸ்க் இரண்டையும் வேலைமேசையில் போட்டு ராத்திரிச் சோறுகூட மறந்து பார்த்தேன். மைக்ரோமீட்டரில் அளந்தேன். ஓரத்தில் செய்தவனே அச்சடித்திருக்கிறான், இந்தக் கனத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போடு என்று. கனம் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆக டாக்டர் முரட்டுத்தனமாக ஓட்டவில்லை. பாவம், அந்த மனுசன் மேல் பழி போடாதே.

ஆனால் இரண்டு டிஸ்க்கும் நீலம் பாரித்திருக்கிறது. கோவளம் போய்வந்தால் டிஸ்க் நீலமாகாது. ஆபீசுக்குப் போனாலும் ஆகாது. நெடுநேரம் காலை எடுக்காமல் இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால்தான் இந்த நிறம் வரும். கியரில் இறங்கத் தெரியாதவன் கால் அது.

அதோடு நிற்கவில்லை. இடது டிஸ்க்கில் மட்டும் துளைக்குத் துளை விரிசல். தலைமுடி கனத்தில் ஆரம்பித்து ஓர் இடத்தில் ஓரம் வரைக்கும் ஓடிவிட்டது. வெளிப்பக்கத்தில் மட்டும், அதுவும் கால்வட்டத்தில் மட்டும். வலது டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. உள்ளே காற்று போகிற இடுக்கில் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை. கொதித்துக்கொண்டிருந்த டிஸ்க்கில் யாரோ ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அடித்திருக்கிறார்கள்.

இந்த உலகத்தில் மலையிறங்கி வந்து சக்கரத்தில் தண்ணீர் அடிக்கிறவன் யார்? நம் ஊர் லாரிக்காரன். அப்பா செய்தார். கொல்லத்திலிருந்து மலையிறங்கி வந்து அடிவாரத்தில், புளியறையில் லாரியை ஓரங்கட்டி, டிரம்மில் வாளி வாளியாக ஊற்றுவார். ஆவி புஸ்ஸென்று வரும். நீயும் நானும் கைதட்டுவோம். அது கனத்த இரும்பு டிரம், அப்போது தாங்கியது. அதையும் இப்போது நான் யாரையும் செய்யவிடுவதில்லை. நீ அதைப் போய் துளை போட்ட மெல்லிசுத் தட்டில் செய்திருக்கிறாய். படித்தவன்!

அந்த மலைக்கு அந்தப் பக்கம் எவனும் வாளியைத் தூக்கமாட்டான். நீ புளியறைக்கு வந்திருக்கே.

சிவனு, நீ புளியறை வரைக்கும் வந்திருக்கலே. அங்கன இருந்து நம்ம கடைக்கு எவ்வளவு தூரம்? ஒரு பாட்டு முடியுமுன்னே வந்துரலாமே. அக்காளப் பாக்க மலையேறி மலையிறங்கி வந்துட்டு, கண்ணுல படாமத் திரும்பிப் போயிருக்கியே, உனக்கு என்ன நெஞ்சுலே அது? அதுவும் வெடிச்ச டிஸ்க்க மாட்டிக்கிட்டு மறுபடி மலையேறிப் போயிருக்கே. வளைவுல அது ரெண்டாப் பிளந்திருந்தா எனக்கு யாருலே வந்து சொல்லுவா?

இரண்டு மணி நேரம் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். உன் அத்தான் டூட்டி முடிந்து வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டார்.

எப்போது வந்தாய், ஏன் திரும்பினாய், எழுது. பொய் எழுதினால் மாட்டிக்கொள்வாய். இரும்பு எனக்கு ஒன்றையும் மறைப்பதில்லை.

அக்கா

*

திருவனந்தபுரம்
27 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தை வாங்கி ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பதில் எழுத வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கம்தான்.

மே பதினெட்டாம் தேதி வந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன், கடைக்கே வந்து, நாற்பது பேர் இல்லாவிட்டாலும் இருக்கிற நாலு பேர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவதென்று. ஆரியங்காவு தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் வண்டியின் அருமையில் மயங்கிவிட்டேன். கியரை மறந்தேன். எஸ் வளைவுக்குள் வரும்போது பிரேக் நாறியது, மிதித்தால் பிடிக்காமல் கால் கொஞ்சம் உள்ளே போனது. பயந்துவிட்டேன். புளியறையில் ஜாஹிரா பீவி டீக்கடை முன்னால் ஓரங்கட்டினேன். சக்கரத்தில் புகை. கை தானாக வாளியைத் தேடியது. அவர்களிடம் வாங்கி இடது சக்கரத்தில் ஊற்றினேன். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வாளியைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தண்ணி ஊத்தாதீய. செண்பகம் அக்கா கண்டா வைவாவ" என்றார். தன் லாரியின் டிரம்மைக் காட்டினார். பச்சைப் பொட்டு. "இந்தப் பொட்டு இருந்தா மலையில பாட்டு கேட்டுக்கிட்டே இறங்கலாம். அவிய கை அப்படி" என்றார். அந்த ஓரத்தில் ஆறு லாரி நின்றது அக்கா. நடந்து போய் எண்ணினேன். ஐந்தில் பொட்டு.

பிறகு அவர் கேட்டார், "தம்பி எங்க போறிய?" என்று.

செண்பகம் அக்கா வீட்டுக்கு, நான் அவளுக்குத் தம்பி என்று சொல்ல வாய் திறந்தேன். வீலைக் கழற்றத் தெரியாதவள் என்று சொன்னவன் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? அவர் தை மாதம் அங்கே நின்ற நாற்பதில் ஒருவராகக்கூட இருக்கலாம். "சும்மா, அருவி பாக்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன். ஜாஹிரா பீவிக்கு என்னைத் தெரிந்துவிட்டது. "செண்பகத்துட்ட சொல்லாதீங்க" என்று கும்பிட்டேன். சொல்லவில்லை போலிருக்கிறது. அவர்கள் காப்பாற்றிய ரகசியத்தை டிஸ்க் போட்டு உடைத்துவிட்டது.

திரும்பி மலையேறும்போது பெருமையாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது. என் அக்கா பெயரைச் சொல்லி முன்பின் தெரியாத மனிதர் என் கையைப் பிடித்துத் தடுக்கிறார். அதைக் கேட்டும் நான் அவளுடைய தம்பி என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மன்னித்துக்கொள். நாற்பது பேர் முன்னால் சொன்னது தப்பு. இணையத்தில் படித்த இருநூறு பேரில் ஒருத்தருக்கும் புளியறை இறக்கம் தெரியாது. எந்த டிஸ்க் என்று நீயே சொல். இந்தத் தடவை யோசனைதான் கேட்கிறேன்.

சிவன்

*

இலத்தூர் விலக்கு
10 ஆகஸ்ட் 2025

சிவனு,

நேற்று ஜாஹிரா பீவி கடைக்குப் போய், "ஏன் மைனி எங்கிட்டச் சொல்லல?" என்று சண்டை பிடித்தேன். "உந்தம்பி கும்பிட்டான், அதான்" என்றாள். ஒரு டீயும் கொடுத்தாள், அதற்குச் சர்க்கரையே போடவில்லை. உன் மேல் அவளுக்கு உள்ள கோபம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

புது டிஸ்க் வந்துவிட்டது. உனக்குத் துளையும் வேண்டாம், கோடும் வேண்டாம். வெறும் தட்டுதான், நடுவில் காற்று போகிற வழி உள்ளது. காரணத்தைக் கேள். துளை பார்க்க அழகு, நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விரிசல் எப்போதும் துளையில்தான் பிறக்கும். உன் வண்டி ஓடுவது பந்தய மைதானத்தில் இல்லை, காட்டு மலையில். இறக்கத்தில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கனம் வேண்டும். துளை போட்டால் போகிறது அந்தக் கனம்தானே? கோடு வெட்டியது, தட்டைக் கவ்வுகிற பேடைத் தின்னும், சத்தமும் போடும். சாரலில் என்ன செய்வது என்கிறாயா? நனைந்த ரோட்டில் வளைவு வருமுன் இரண்டு தடவை லேசாக மிதி, தட்டு துடைபட்டுவிடும். துளை போட்ட தட்டுக்கும் அதைத்தான் செய்ய வேண்டும்.

முதலில் வந்த ஜோடியை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆட்டம் பார்க்கிற டயல் கேஜில் வைத்துச் சுற்றினால் ஒன்று தாளம் போட்டது. சென்னைக்காரன் போனில், "மேடம், இவ்வளவு நுணுக்கமாக யாரும் பார்ப்பதில்லை" என்றான். "நான் பார்ப்பேன், அது என் தம்பி வண்டி" என்றேன். இரண்டாவது ஜோடி அசையவே இல்லை. நடுப்பகுதிக்குத் துரு பிடிக்காத பூச்சு இருக்கிறது. நீ கடற்கரை ஊரில் இருக்கிறாய், வருவது சாரல் ஊருக்கு. பேடும் பிரேக் ஆயிலும் கூட வைத்திருக்கிறேன். பழைய ஆயிலை ஒரு சொட்டு விடாமல் மாற்றச் சொல். அன்றைக்கு உன் கால் உள்ளே போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாட்டியதும் ஆட்டம் போடாதே. புதுத் தட்டும் புதுப் பேடும் ஒன்றோடொன்று பழக வேண்டும். காலி ரோட்டில் அறுபதில் போய்ப் பத்து வரைக்கும் குறை, முழுக்க நிற்காதே. இருபது தடவை செய். நடுவில் ஆற விடு. மலையில் கியரில் இறங்கு. கீழே வந்து நிறுத்தினால் தண்ணீரைத் தொடாதே. சூடாக இருக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டும் நிற்காதே, பேட் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் விழுந்துவிடும். சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடு.

நீ கேட்டபடி பச்சைப் பொட்டு வைக்கவில்லை. நான் பார்த்து அனுப்பி, பொட்டு இல்லாமல் போகிற முதல் வேலை இதுதான். கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவில் பெயிண்டும் ஒரு பிரஷ்ஷும் இருக்கும். அது எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தது.

மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். ஆனால் குரல் விஷயத்தில் நாற்பது பேர் காதுபட நான் சொன்ன வார்த்தையை, உவைஸ் பாய் லாரியில் கடுதாசி அனுப்பியெல்லாம் திரும்ப வாங்கமாட்டேன். எனக்கும் ஒரு இது இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஏழு மணிக்குப் பிள்ளையோடு புளியறையில் நிற்பேன். 'மாமா' என்று சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்கா

*

புளியறை, ஜாஹிரா பீவி கடை எதிரில்
31 ஆகஸ்ட் 2025, காலை 7.10
(பார்சல் ரசீதின் மறுபக்கத்தில்)

அக்கா,

நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய், உன் இடுப்பில் பட்டுப்பாவாடையில் வள்ளித்தாய். குரல் விழக்கூடாது என்பதால் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். லாரிக்கார அண்ணாச்சி கையில் கொடுத்து அனுப்புகிறேன், மே மாதம் என் கையைப் பிடித்தாரே, அவரேதான்.

கியரிலேயே இறங்கினேன். ஸ்டீயரிங் நடுங்கவில்லை. கால் ஒரு நூல் உள்ளே போகவில்லை. எஸ் வளைவில் சாரல் விழுந்தது, இரண்டு தடவை லேசாக மிதித்தேன், பிறகு நினைத்த இடத்தில் நின்றது. சீர்த் தட்டு பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அண்ணாச்சி குனிந்து வீல் இடுக்கில் பார்த்தார். "இது என்ன, செண்பகம் அக்கா பொட்டுல்லா! காருக்கும் வச்சிருக்காவளா?" என்று கத்தினார். அங்கே நின்ற டிரைவர்மார் எல்லாரும் வந்துவிட்டார்கள். இரண்டு சக்கரத்திலும் நானே வைத்தேன் அக்கா, பெரிசாக, வெளியே நன்றாகத் தெரிகிற மாதிரி. "நீங்க யாரு?" என்று கேட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னேன்: "அவளுக்குத் தம்பி." உன் காதில் விழுந்திருந்தால் அது என் தப்பில்லை.

பேசலாமா?

சிவனு

*

(அதே ரசீதின் ஓரத்தில், அக்காவின் கையெழுத்தில்)

விழுந்தது.

இவ்வளவு எழுதுற வரைக்கும் பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான உக்காந்திருக்கே? பின்லைட்டு எரியுது, எனக்குத் தெரியுது. தட்டுல தடம் விழுந்துரும்லே! கல்ல வச்சிட்டு, கால எடுத்துட்டு, இறங்கி வா. பிள்ள மாமான்னு கத்திக்கிட்டே இருக்கா, சத்தமா பதில் சொல்லு.